உள்நாட்டுப் பங்கு 50 சதவீதம் என்றால் என்ன? எண்ணெய் நாடுகளின் சட்டங்கள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: நைஜீரியாவில் 2010-ல் எண்ணெய்த் துறைக்கென்று உள்நாட்டுப் பங்குச் சட்டம் வந்தது, அதாவது துறையின் வேலையிலும் கொள்முதலிலும் ஒரு பகுதியை உள்ளூருக்கே கொடுக்கச் சொல்லும் சட்டம். அதற்கு முன் இந்தத் துறையில் செலவாகும் பணத்தில் 5 சதவீதம்கூட உள்ளூரில் தங்கவில்லை, இப்போது 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். கானா, கயானா, உகாண்டா என்று புதிதாக எண்ணெய் கண்ட நாடுகளும் அதே வழியில் போகின்றன. இப்படிச் சட்டம் போட்டால் உள்ளூர்த் தொழில் நிஜமாகவே வளருமா, இல்லை ஆட்சியாளர்களுக்கு வேண்டிய நாலு பேர் பணக்காரர் ஆவதோடு முடிந்துவிடுமா?

இரண்டும் நடக்கும். ஒரே சட்டத்தின் கீழ், ஒரே திட்டத்திலேயே இரண்டும் நடப்பதைப் பார்க்கலாம். ஒரு கான்ட்ராக்டை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சட்டம் மாற்றிவிடும். ஆனால் வாங்கியவர் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட முடியாது. விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வேலை வந்தால்தான் அது நடக்கும். அதனால் ஒரு நாட்டின் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று நான் பார்ப்பதில்லை. ஒரு திட்டம் முடிந்த மறுநாள் அதில் வேலை செய்த வெல்டருக்கு எங்கே வேலை என்பதைத்தான் பார்ப்பேன்.

முதலில் அந்தச் சதவீதத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு. எண்ணெய்க் கம்பெனி ஒன்று 1 கோடி டாலருக்கு இரும்புக் குழாய் வாங்குகிறது. ஆர்டர் உள்ளூர் கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனி குழாயை வெளிநாட்டு ஆலையில் 92 லட்சம் டாலருக்கு வாங்கி இறக்குமதி செய்கிறது. துறைமுகக் கூலி, சுங்க ஏஜென்ட், லாரி, கிடங்கு எல்லாம் சேர்ந்து 3 லட்சம். மீதி 5 லட்சம் லாபம். இதில் உள்நாட்டுப் பங்கு எவ்வளவு? கம்பெனி யாருடையது என்று பார்த்தால் 100 சதவீதம். பில் எந்த நாட்டில் போடப்பட்டது என்று பார்த்தாலும் 100 சதவீதம். நாட்டுக்குள் தங்கிய பணத்தைப் பார்த்தால் 8 சதவீதம். அதே 1 கோடிக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்த நாட்டிலேயே ஃபேப்ரிகேஷன் யார்டு போட்டு, உள்ளூர் ஆட்களை வைத்து இரும்புச் சட்டகங்கள் செய்துகொடுத்தால், சம்பளம், வாடகை, மின்சாரம், உள்ளூர் சப்ளை என்று 35 லட்சமாவது நாட்டுக்குள் தங்கக்கூடும். உரிமையாளர் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம்.

ஆக, ஒரு அமைச்சர் மேடையில் சொல்லும் எண்ணைக் கேட்டால் உடனே கேட்க வேண்டியது, இந்த மூன்றில் எந்தக் கணக்கு என்பதுதான். நைஜீரியச் சட்டத்தின் அட்டவணை இந்த விஷயத்தில் ஓரளவு நேர்மையானது என்பேன். பொறியியல் வடிவமைப்பை மனித மணிநேரத்தில் அளக்கிறது, ஃபேப்ரிகேஷனை டன்னில் அளக்கிறது, வேறு சில இனங்களைச் செலவில் அளக்கிறது. டன்னில் அளந்தால் பில்லை மட்டும் உள்ளூரில் போட்டு ஏமாற்ற முடியாது, இரும்பு அங்கேதான் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மணிநேரம், டன், டாலர் என்று வேறுவேறு அளவுகளை ஒரே சராசரியாக்கி '50 சதவீதத்துக்கு மேல்' என்று அறிவிக்கும்போது அந்த நேர்மை கரைந்துவிடுகிறது.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1956-ல் நைஜர் டெல்டாவில் ஒலோய்பிரி என்ற ஊரில் ஷெல்-பிபி எண்ணெய் கண்டது. 1958-ல் ஏற்றுமதி தொடங்கியது. அதிலிருந்து சட்டம் வரும் வரை 50 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலம் முழுக்க நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்துதான் வந்தது. ஆனால் கிணற்றுக்கான வரைபடம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போடப்பட்டது, கட்டமைப்பு ஆசிய யார்டுகளில் செய்யப்பட்டது, இன்ஷூரன்ஸ் லண்டனில் எடுக்கப்பட்டது. கிராமத்து மக்களுக்குக் கிடைத்தது எண்ணெய்க் கசிவும், இரவு பகலாக எரியும் வாயுச் சுடரும். ஆழ்கடலுக்குப் போன பிறகு நிலைமை இன்னும் மோசம். கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு எண்ணெய் உற்பத்திக் கப்பல் பல நூறு கோடி டாலர் முதலீட்டை விழுங்கும். அதை இயக்கச் சில நூறு பேர் போதும். எண்ணெய் விலையில் அரசுக்கு வரி வரும், மக்களுக்கு வேலை வராது. 'எங்கள் மண்ணின் எண்ணெய், எங்களுக்கு ஏன் வேலை இல்லை' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சட்டங்களை வெறும் பாதுகாப்புவாதம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணமும் இதுதான்.

2010 ஏப்ரலில், அப்போது பொறுப்பு அதிபராக இருந்த குட்லக் ஜோனதன் கையெழுத்திட்ட சட்டம் அது. அதை அமல்படுத்த ஒரு வாரியம் அமைத்தார்கள். அதன் தலைமையகம் எண்ணெய் விளையும் பயேல்சா மாநிலத்தின் தலைநகர் யெனகோவாவில் இருக்கிறது. சட்டத்தின் முக்கியமான விதிகள் சுருக்கமாக இவை. நைஜீரியக் கம்பெனி என்றால் குறைந்தது 51 சதவீதப் பங்கு நைஜீரியர்களிடம் இருக்க வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்ற கட்டாயம் இல்லை. திறன் உள்ள உள்ளூர் கம்பெனி கேட்ட விலை மிகக் குறைந்த விலையைவிட 10 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், விலையை மட்டும் காரணம் காட்டி அதைத் தள்ளக் கூடாது. நிர்வாகப் பதவிகளில் வெளிநாட்டவர் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நைஜீரியர் அல்லாதவர் வகிக்கும் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு நைஜீரியரைக் கூடவே வைத்து, அதிகபட்சம் 4 வருடத்தில் வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்க வேண்டும். மீறினால் திட்ட மதிப்பில் 5 சதவீதம் அபராதம், அல்லது திட்டமே ரத்து. அப்புறம், என் கணக்கில் இந்தச் சட்டத்தின் மிக முக்கியமான வரி: ஒவ்வொரு கான்ட்ராக்டிலும் 1 சதவீதத்தைப் பிடித்து, உள்ளூர்த் திறன் வளர்ப்பு நிதியில் போட வேண்டும்.

இந்த 1 சதவீதத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? மற்ற விதிகள் எல்லாம் 'கொடு' என்கின்றன. வாங்குபவருக்குத் தாங்கும் சக்தி எங்கிருந்து வரும் என்று அவை சொல்வதில்லை. உள்ளூர் கான்ட்ராக்டருக்கு ஆர்டர் கிடைத்ததும் முதல் பிரச்சினை பணம். பொருள் வாங்க முன்பணம் வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும், வேலையை முடித்துப் பில் கொடுத்தால் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். லாகோஸில் வங்கி வட்டி 20 சதவீதத்தைத் தாண்டும். அவரோடு போட்டியிடும் வெளிநாட்டுக் கம்பெனிக்கோ சொந்த நாட்டில் அதில் சின்னப் பகுதி வட்டிக்குக் கடன் கிடைக்கும். இந்த வித்தியாசம் ஒன்றே போதும், 10 சதவீத விலைச் சலுகையைத் தின்றுவிட. அந்த நிதியிலிருந்து 2017-ல் 20 கோடி டாலரை ஒதுக்கி, தொழில் வங்கி வழியாக 8 சதவீத வட்டியில் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். சட்டம் வந்து 7 வருடம் கழித்து. அது முதல் வருடத்திலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

சட்டம் சாதித்ததற்கு எகினா திட்டத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், காட்டுவதில் தப்பில்லை. கரையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, 1,500 மீட்டருக்கு மேல் ஆழமான கடலில் இருக்கும் வயல். பிரான்ஸின் டோட்டல் (இப்போது டோட்டல்எனர்ஜிஸ்) நடத்துவது. நாளுக்கு 2 லட்சம் பீப்பாய் எண்ணெயைக் கையாளும் மிதக்கும் உற்பத்திக் கப்பலைக் கட்டும் வேலை கொரியாவின் சாம்சங் ஹெவி இண்டஸ்ட்ரீஸுக்குப் போனது. நீளம் 330 மீட்டர். உடல் பகுதி கொரியாவில்தான் கட்டப்பட்டது. ஆனால் மேல்தளத்தில் வரும் 18 தொகுதிகளில் 6 தொகுதிகளை நைஜீரியாவிலேயே செய்து, லாகோஸ் துறைமுகத்தில் அதற்கென்றே போட்ட யார்டில் கப்பலோடு பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் உள்ளூர்ப் பங்கு விதியால் வந்தது. 2018 ஜனவரியில் கப்பல் லாகோஸுக்கு வந்தது. அந்த வருடக் கடைசியில், டிசம்பர் 29-ல், முதல் எண்ணெய் எடுத்தார்கள். இவ்வளவு பெரிய கப்பலை அணைத்து நிறுத்தித் தொகுதிகளைத் தூக்கி வைக்கும் துறைமுகத் தளம் நைஜீரியாவில் அதற்கு முன் இருந்ததில்லை. சட்டம் இல்லாவிட்டால் அந்த யார்டு வந்திருக்காது.

சரி, அப்புறம் என்ன ஆனது? எகினாவுக்கு முதலீட்டு முடிவு எடுத்தது 2013-ல். அடுத்த பெரிய ஆழ்கடல் திட்டமான போங்கா வடக்குக்கு ஷெல் முடிவெடுத்தது 2024 டிசம்பரில். நடுவே 11 வருடம். இதில் பெரும்பகுதி, புதிய பெட்ரோலியச் சட்டம் எப்போது வரும், வரி எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் கம்பெனிகள் காத்திருந்த காலம். அந்தச் சட்டம் நிறைவேறியது 2021-ல்தான். போங்கா வடக்கிலும் புதுக் கப்பல் இல்லை. கிணறுகளைக் கடலடிக் குழாய் மூலம் ஏற்கெனவே அங்கே நிற்கும் போங்கா கப்பலோடு இணைக்கிறார்கள். எகினாவுக்காகப் போட்டது போன்ற யார்டுக்கு இதில் வேலை குறைவு. ஒருபக்கம் உள்ளூர் யார்டு போடச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, இன்னொருபக்கம் வரிச் சட்டத்தைப் பல வருடம் இழுத்தடித்து அந்த யார்டின் வயிற்றில் அரசே அடிக்கிறது. இந்த இரண்டு கோப்புகளும் வேறுவேறு மேசையில் இருந்ததுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வேலை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஒரு வெல்டரை வைத்துச் சொல்கிறேன். எண்ணெய், எரிவாயுக் குழாய் வெல்டிங்கில் '6ஜி' என்று ஒரு தேர்வு உண்டு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். அதைச் சுழற்றக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். ஒரே சுற்றில் மேலிருந்து, பக்கத்திலிருந்து, தலைக்கு மேலே அண்ணாந்து என்று எல்லா நிலையிலும் கை ஓட வேண்டும். இரண்டு குழாய்க்கும் நடுவே மிகக் குறுகலான இடைவெளிதான் இருக்கும். முதல் அடுக்கில் உலோகம் உள்பக்கம் சரியாக ஊடுருவ வேண்டும், வழிந்து தொங்கவும் கூடாது. முடித்ததும் எக்ஸ்ரே எடுத்தோ, துண்டு வெட்டி வளைத்துப் பார்த்தோ சோதிப்பார்கள். வருடக்கணக்கில் கேட், கிரில், டேங்க் என்று அருமையாக வெல்டிங் செய்துவந்தவர்கூட இதில் முதல் தடவை தோற்பது சாதாரணம். அவர் திறமை குறைவு என்பதில்லை, இது வேறு வேலை. பயிற்சி கொடுத்தால் சில மாதத்தில் தேறிவிடுவார். ஆனால் இந்தத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதிப்படி, அந்த வெல்டிங் முறையில் 6 மாதம் வேலை செய்யாமல் இருந்தாலே தகுதி காலாவதியாகிவிடும். மறுபடி தேர்வெழுத வேண்டும். 11 வருட இடைவெளியை இந்த 6 மாதத்தோடு வைத்துப் பாருங்கள்.

உகாண்டாவில் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. ஆல்பர்ட் ஏரிப் பகுதியில் வணிக அளவில் எண்ணெய் இருப்பது 2006-லேயே உறுதியானது. தொடங்கியது நல்லபடியாகத்தான். உள்ளூர்த் தொழிலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எண்ணெய்க் கம்பெனிகளே முன்கூட்டி ஒரு கணக்கெடுப்பு நடத்தின. போக்குவரத்து, காவல், உணவு, தங்குமிடம், நில அளவை, கிரேன் வாடகை, கழிவு மேலாண்மை என்று 16 இனங்களை உகாண்டா கம்பெனிகளுக்கே ஒதுக்கினார்கள். இந்தப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். அந்த நாட்டில் அப்போதே செய்யக்கூடிய வேலைகளைப் பார்த்து எழுதிய பட்டியல் அது, கனவில் எழுதியதில்லை. ஆனால் குழாய்ப் பாதை, வரி, சுத்திகரிப்பு ஆலை என்று ஒவ்வொன்றாகத் தகராறு நீண்டு, இறுதி முதலீட்டு முடிவு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. எண்ணெய் இதோ வருகிறது என்று நம்பி, கடன் வாங்கி லாரி வாங்கியவர், ஹோட்டல் கட்டியவர், பிள்ளையைப் பெட்ரோலியப் படிப்பில் சேர்த்தவர் எல்லாம் காத்துக்கிடந்தார்கள். பயிற்சி தாமதமானால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. ரொம்ப முன்னதாகவே கொடுத்தாலும் கையில் சான்றிதழ் இருக்கும், வேலை இருக்காது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஒரு எண்ணெய்த் திட்டத்தில் ஆட்கள் தேவைப்படுவது நேர்கோட்டில் போகாது. கட்டுமானம் நடக்கும் மூன்று, நான்கு வருடம் ஆயிரக்கணக்கில் வேண்டும். உற்பத்தி தொடங்கியதும் அதில் சின்னப் பகுதிதான் மிஞ்சும். ஆனால் அந்தச் சின்னப் பகுதி 20, 25 வருடம் நீடிக்கும். வால்வு பழுதுபார்ப்பு, துரு தடுப்பு, பம்பு சர்வீஸ், கருவிகளின் அளவு சரிபார்ப்பு, ரசாயனம் கலந்து கொடுத்தல், கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் படகுகள், இதெல்லாம் மாதாமாதம் வரும் வேலை. பத்திரிகையில் படம் வராது, ரிப்பன் வெட்ட யாரும் வர மாட்டார்கள். ஆனால் ஒரு சின்ன நாடு உண்மையில் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய வேலை இதுதான். பெரும்பாலான சட்டங்கள் முதல் நான்கு வருடத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய குறை இந்தச் சட்டங்களில் இல்லை.

இப்போது பினாமி விஷயத்துக்கு வருவோம். சட்டம் 51 சதவீதம் உள்ளூர் உரிமை கேட்டால், மறுநாளே வக்கீல் அலுவலகங்களில் லெட்டர்பேட் கம்பெனிகள் முளைக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் 51 சதவீதம் எழுதிவைப்பார்கள். அவருக்கு மாதம் ஒரு தொகை. இயந்திரம், ஆட்கள், முடிவு எல்லாம் மீதி 49 சதவீதக்காரருடையது. கயானாவில் இது பெரிய விவாதமாகவே ஆனது. சுமார் 8 லட்சம் பேர் வாழும் நாடு அது. 2015-ல் எக்ஸான்மொபில் லீசா வயலைக் கண்டது, 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது, 2021 டிசம்பர் கடைசியில் உள்நாட்டுப் பங்குச் சட்டம் நிறைவேறியது. முதல் எண்ணெய் வந்து இரண்டு வருடம் கழித்து. 40 வகைச் சேவைகளுக்கு உள்ளூர் அளவு நிர்ணயித்தார்கள். வாடகைக் கட்டடம், தங்குமிடம், சலவை, உணவு போன்றவற்றுக்கு மிக அதிகம், பொறியியல் சார்ந்தவற்றுக்குக் குறைவு. அந்தச் சட்டத்தில் நல்ல விஷயம் ஒன்று, கயானா கம்பெனி என்று பெயர் வாங்க 51 சதவீத உரிமை மட்டும் போதாது. உயர் நிர்வாகத்தில் 75 சதவீதம், மற்ற ஊழியர்களில் 90 சதவீதம் கயானாக்காரர்களாக இருக்க வேண்டும். பெயரை வாடகைக்கு விடுபவருக்கு இது கொஞ்சம் கஷ்டம். கானா 2013-ல் கொண்டுவந்த விதிகளில் பினாமியாக நிற்பதையே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

குற்றமாக்குவது சரி, நிரூபிப்பது யார்? பங்குதாரர் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. கம்பெனியின் வங்கிக் கணக்கில் யார் கையெழுத்தில்லாமல் பணம் நகராது? நஷ்டம் வந்தால் யார் பாக்கெட்டிலிருந்து போகும்? கிரேனும் படகும் யார் பெயரில், எந்த வாடகை ஒப்பந்தத்தில் இருக்கின்றன? 'நிர்வாக ஆலோசனைக் கட்டணம்' என்று மாதாமாதம் வெளிநாட்டுக்குப் போகும் தொகை எவ்வளவு? ஒரு 51 சதவீதப் பங்குதாரருக்கு வருடக் கடைசியில் கிடைக்கும் லாபம் 3 சதவீதமாகவும், ஆலோசனைக் கட்டணம் 30 சதவீதமாகவும் இருந்தால், அந்தக் கம்பெனி யாருடையது என்று கேட்கவே வேண்டாம். இதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஐந்தாறு பேர் போதும். புதுச் சட்டம் எழுதுவதைவிட அவர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து, யார் மிரட்டலும் இல்லாமல் வேலை செய்ய விடுவது மலிவு.

'கூடுதல் செலவு ஆனால் என்ன, பெரிய கம்பெனிதானே கொடுக்கப்போகிறது' என்று பலர் நினைக்கிறார்கள். இதைத் திருத்தியே ஆக வேண்டும். வளரும் நாடுகளில் பல இடங்களில் நடைமுறையில் இருப்பது உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். கம்பெனி செய்த செலவை முதலில் எண்ணெயிலிருந்து எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைத்தான் அரசோடு பங்கிடும். அதனால் உள்ளூரில் வாங்கியதால் 10 ரூபாய் கூடுதல் என்றால் அதில் பெரும்பகுதி அரசின் பங்கிலிருந்து, அதாவது மக்களின் எண்ணெயிலிருந்து கழிகிறது. இதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஒரு தொழிலை வளர்க்க நாடு மானியம் கொடுப்பது புதிதில்லையே. ஆனால் பட்ஜெட்டில் வரும் மானியத்தைச் சட்டசபையில் கேள்வி கேட்கலாம், இந்த மானியம் யார் கண்ணிலும் படாது. எந்தத் தொழிலுக்கு, எத்தனை வருடம், எவ்வளவு என்று வெளிப்படையாக எழுதிவைத்தால்தான் அது தொழிற்கொள்கை. இல்லாவிட்டால் அது சலுகை பெற்றவரின் நிரந்தர வருமானம்.

பிரேசில் இந்தப் பாடத்துக்கு நிறைய விலை கொடுத்தது. 1999 முதல் எண்ணெய் வயல் ஏலத்திலேயே உள்நாட்டுப் பங்கையும் ஒரு மதிப்பெண்ணாக வைத்தார்கள். யார் அதிகச் சதவீதம் வாக்களிக்கிறாரோ அவருக்கு வயல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஜெயிப்பதற்காகக் கம்பெனிகள் எட்டாத சதவீதங்களை எழுதிக்கொடுத்தன, பிறகு அபராதம் கட்டின. 2003-ல் அதிபர் லூலாவின் அரசு வந்ததும் கப்பல் கட்டும் தொழிலையே மறுபடி எழுப்பும் பெரிய திட்டம் போட்டார்கள். பெர்னாம்புகோவில் புதுக் கப்பல் தளம் எழுந்தது. அதன் முதல் எண்ணெய்க் கப்பலான ஜோவாவ் கேண்டிடோவை 2010 மே மாதம் லூலாவே முன்னின்று கடலில் இறக்கினார். பிறகு வெல்டிங்கில் கோளாறுகள் தெரியவந்து, சரிசெய்து ஒப்படைக்க 2012 ஆகிவிட்டது. தளத்தையும் தொழிலாளரையும் கப்பலையும் ஒரே நேரத்தில் புதிதாக உருவாக்கினால் இப்படித்தான் ஆகும். அதில் வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆழ்கடலில் துளையிட 28 ரிக்குகளைப் பிரேசிலிலேயே கட்டுவது என்று 2010-ல் செட்டே பிரேசில் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரேசில் அரசின் எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோப்ராஸின் ஊழல் விவகாரம் 2014-ல் வெடித்தது, எண்ணெய் விலையும் சரிந்தது. 2016-ல் அந்தக் கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டுப் போனது. 2017-ல் பிரேசில் விதிகளைத் தளர்த்தியது. கடல் வயல்களில் ஆய்வுக்கு 18 சதவீதம், கிணறுகளுக்கு 25, கடலடி அமைப்புகளுக்கு 40, உற்பத்திக் கப்பலுக்கு 25 என்று சில பெரிய இனங்களாகச் சுருக்கினார்கள். கடலடி அமைப்புகளுக்கு மட்டும் ஏன் 40? அந்தத் தொழில் அங்கே நிஜமாகவே வேரூன்றியிருந்தது. பெட்ரோப்ராஸ் பல பத்தாண்டுகளாக ஆழ்கடலில் தொடர்ந்து வேலை கொடுத்ததால் வந்த பலன் அது. தொடர்ந்து வேலை வந்த இடத்தில் அதிக அளவு தாங்குகிறது, வராத இடத்தில் தாங்கவில்லை.

நார்வே மாதிரி செய்யலாமே என்று ஒரு குரல் எப்போதும் வரும். 1969-ல் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபோது நார்வேயிடம் பெரிய வணிகக் கப்பல் படையும், கப்பல் கட்டும் தளங்களும், நீர்மின் திட்டங்கள் கட்டிப் பழகிய பொறியாளர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். அங்கே சட்டம் செய்தது ஏற்கெனவே இருந்த தொழிலை எண்ணெய்ப் பக்கம் திருப்பியது. 1972 அரசாணை நார்வேப் பொருளுக்கு முன்னுரிமை கேட்டது, ஆனால் விலையிலும் தரத்திலும் நேரத்திலும் போட்டி போடக்கூடியதாக இருந்தால் மட்டும். அதற்கென்று ஒரு சிறிய அலுவலகம் வைத்தார்கள். எண்ணெய்க் கம்பெனி டெண்டருக்கு யாரையெல்லாம் கூப்பிடுகிறது என்ற பட்டியலை வாங்கிப் பார்த்து, தகுதியான நார்வே கம்பெனி விட்டுப்போயிருந்தால் 'இவர்களையும் கூப்பிடு' என்று சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. ஆழமான ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல் பகுதிகள்) அங்கே இயற்கையாகவே இருந்ததால், பிரம்மாண்டமான கான்கிரீட் மேடைகளைக் கரையோரமே நிற்கவைத்துக் கட்டி இழுத்துப்போகும் தொழில் அங்கே வளர்ந்தது. 1994-ல் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பு என்ற பொதுச் சந்தையில் சேர்ந்தபோது இந்த முன்னுரிமைகளை விட்டுவிட்டார்கள், அதற்குள் தொழில் தன் காலில் நின்றுவிட்டது.

இதில் வளரும் நாடு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பட்டியல் அலுவலகத்தைத்தான். செலவே இல்லாத கருவி. ஒரு பெரிய கான்ட்ராக்டைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கச் சொல்வதும் அப்படித்தான். 'முழு வளாகப் பராமரிப்பு' என்று ஒரே டெண்டர் விட்டால் உள்ளூரில் யாரும் உள்ளே வர முடியாது. மின்சாரம், குளிர்சாதனம், பெயின்ட், வால்வு என்று நாலாகப் பிரித்தால் நாலு பேர் வரலாம். அடுத்த மூன்று வருடத்தில் என்னென்ன டெண்டர் வரும், எந்தச் சான்றிதழ் கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே வெளியிடுவது இன்னொன்று. உலக வணிக அமைப்பின் விதிகள் உள்நாட்டுப் பொருளை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கின்றன. 2015-ல் அந்த அமைப்பில் சேர்ந்த கஜகஸ்தான், எண்ணெய்த் துறையில் தன் உள்நாட்டுப் பங்கு விதிகளைத் தளர்த்த ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஆனால் பட்டியலைப் பார்ப்பதையும், பிரிப்பதையும், முன்கூட்டியே அறிவிப்பதையும் எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை.

கடைசியாக, ஒரு நாடு அறிவிக்கும் எண்ணை நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அறிக்கையின் முன்னுரையை விட்டுவிட்டு நேராக விலக்குப் பட்டியலுக்குப் போங்கள். 'உள்ளூரில் கிடைக்கவில்லை' என்று சொல்லி எந்தெந்தப் பொருளுக்கு, வேலைக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். அந்தப் பட்டியலை வெளியிடாத நாட்டின் சதவீதத்தை நான் நம்புவதில்லை. வெளியிட்டிருந்தால், ஐந்து வருடத்துக்கு முந்தைய பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதே இனங்கள் அப்படியே இருந்தால் நடுவில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பிறகு அந்த உள்ளூர் கம்பெனிகளில் எத்தனை, வேறொரு நாட்டில் டெண்டர் ஜெயித்திருக்கின்றன என்று தேடுங்கள். நாலைந்து பேராவது தேறினால், அந்தச் சட்டம் வேலை செய்திருக்கிறது.